பிக்கப் வண்டிகளுக்கு மாற்று ஷாக் அப்சர்பர்

ஷாக் அப்சர்பர் என்பது வண்டியின் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் இடையே நிற்கும், எண்ணெய் நிரம்பிய உருளை. பள்ளத்தில் வாங்கிய அடியால் கமான் பட்டையோ சுருள் ஸ்பிரிங்கோ ஆடத் தொடங்கினால் அந்த ஆட்டத்தை அடக்குவது இதன் வேலை. பட்டறைகளில் சுருக்கமாக ‘ஷாக்’ என்பார்கள். டீசல் பிக்கப்பில் ஷாக் ஓய்ந்துபோனால் அதன் இடத்தில் எதை வாங்கிப் போடுவது என்பதே இக்கட்டுரையின் பொருள். திருவனந்தபுரம் மாவட்டத்தின் தெற்கு எல்லையில், நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவே உள்ள உதியன்குளங்கரையையும் அதைச் சுற்றிய எல்லையோர ஊர்களையும் அடிப்படையாகக் கொண்டு இது எழுதப்படுகிறது. ஒரே மாடல் வண்டிகள் இங்கே மூன்று நான்கு விதமான வேலைக்கு ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ஷாக் பொருந்தும் என்ற எண்ணத்தால் வீணாகும் பணமும், அதைவிட முக்கியமாக நேரும் ஆபத்தும் கொஞ்சமல்ல.

வட்டாரமும் சாலையும்

உதியன்குளங்கரை, பன்வேலிலிருந்து கன்னியாகுமரி வரை செல்லும் தேசிய நெடுஞ்சாலை 66இன் மேல் இருக்கிறது. பழைய எண் 47 என்பதே பெரியவர்கள் வாயில் இன்னும் வரும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு பகுதிகள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லை விழுந்ததால் சரக்கின் போக்கு மாறிவிடவில்லை. நாகர்கோவில் வடசேரிச் சந்தையின் காய்கறியும் தோவாளையின் பூவும் களியக்காவிளை, பாறசாலை, அமரவிளை வழியாகத் திருவனந்தபுரம் சாலைச் சந்தைக்குப் போகின்றன. வெள்ளறடை, அம்பூரி மலைச்சரிவுகளிலிருந்து ரப்பர் ஷீட்டும் மரச்சீனியும் வாழைக்குலையும் இறங்குகின்றன. பூவார், பொழியூர், தேங்காய்ப்பட்டணம் கரைகளிலிருந்து மீன் ஏறுகிறது.

டீசல் வண்டிக்கும் இந்தச் சாலைக்கும் உள்ள உறவு பழையது. திருவிதாங்கூர் அரசு 1938 பிப்ரவரியில் பேருந்துப் போக்குவரத்தைத் தொடங்கியபோது, இங்கிலாந்திலிருந்து 60 காமர் சேஸிஸ்களைப் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சினோடு தருவித்தது. முதலில் ஓடிய தடம் திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு. இன்று அதே வழியில் பிக்கப்கள் நெருக்கியடிக்கின்றன. சாலையை அகலப்படுத்தும் பணி கரமனையிலிருந்து கட்டங்கட்டமாக நடந்துவந்தாலும், நெய்யாற்றின்கரைக்குத் தெற்கே வளைவும் நெளிவுமாகக் கடைவாசலை உரசிச் செல்லும் தடமே நெடுங்காலமாக இருந்துவருகிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே நனைக்கின்றன. ஜூனில் விழுந்த பள்ளத்தை நிரப்பி முடிப்பதற்குள் அக்டோபர் வந்துவிடும். இன்னொரு பக்கம், கழக்கூட்டத்திலிருந்து காரோடு என்ற ஊர் வரை வரும் புறவழிச்சாலையில் முக்கோலைக்குத் தெற்கே கான்கிரீட் தளம். அங்கே பள்ளம் குறைவு, வேகம் அதிகம். மலைப்பாதை, குழிவிழுந்த பழைய நெடுஞ்சாலை, வேகமான கான்கிரீட் சாலை ஆகிய மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடும் வண்டிகள் இந்த வட்டாரத்தில் உண்டு.

ஓடும் வண்டிகளில் முக்கியமானவை மஹிந்திரா பொலேரோ பிக்கப் குடும்பம், 2005இல் வந்த டாடா ஏஸ், 2011இல் அசோக் லேலண்ட் கொண்டுவந்த தோஸ்த், பின்னால் வந்த டாடா இன்ட்ரா, ஆந்திரத்தின் ஸ்ரீ சிட்டியில் தயாராகும் இசுசு டி-மேக்ஸ். இவற்றில் பெரியவை ஏறக்குறைய தம் எடைக்குச் சமமான சரக்கைச் சுமக்கும்படி வடிவமைக்கப்பட்டவை. காருக்கு ஷாக் வாங்குவதிலிருந்து பிக்கப்புக்கு வாங்குவது வேறுபடுவதற்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

சுமையைத் தாங்குவது ஷாக் அல்ல

வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது, நல்ல கனமான ஷாக்காகப் போடுங்கள் என்று கேட்பவர்கள் ஏராளம். சாதாரண ஷாக் அப்சர்பர் சுமையைத் தாங்குவதே இல்லை. எடை முழுவதும் கமான் பட்டையின் மேலோ சுருள் ஸ்பிரிங்கின் மேலோதான் இருக்கிறது. நான்கு ஷாக்குகளையும் கழற்றி வைத்தாலும் நின்றிருக்கும் வண்டியின் உயரம் பார்த்துச் சொல்லும்படி குறையாது. வாயு நிரப்பிய ஷாக் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். ஆனால் ஒரு டன் சரக்குக்கு முன்னால் அது கணக்கில் வராது. பின்பக்கம் உட்கார்ந்த வண்டிக்குப் பார்க்க வேண்டியது பட்டை. அது வளைவு இழந்திருக்கலாம், ஒரு இலை உடைந்திருக்கலாம், சென்டர் போல்ட் அறுந்திருக்கலாம். இதைக் கடைக்காரரே வாடிக்கையாளரிடம் சொல்லிவிட்டால் வீண்செலவு பாதியாகக் குறையும்.

ஷாக்கின் வேலை வேகத்தோடு தொடர்புடையது. உள்ளே பிஸ்டன் எண்ணெயைச் சிறு துளைகளும் வளையும் தகடுகளும் கொண்ட வால்வு வழியாகத் தள்ளுகிறது. தண்ணீருக்குள் கையை மெதுவாக நகர்த்தினால் எளிதாகப் போகும், அடித்து இழுத்தால் எதிர்க்கும், ஷாக்கும் அப்படித்தான். ஆட்டத்தின் ஆற்றல் எண்ணெயில் வெப்பமாக மாறி உருளையின் வெளிச்சுவர் வழியே காற்றில் கலக்கிறது. மலைப்பாதை இறங்கிய வண்டியின் ஷாக்கைத் தொட்டால் சுடுவது இதனால்தான். சுடுவது நல்லது. ஒரே ஆக்சிலில் ஒன்று சுட்டு மற்றொன்று குளிர்ந்திருந்தால், குளிர்ந்தது வேலை செய்யவில்லை.

நீளும்போது காட்டும் எதிர்ப்பு, சுருங்கும்போது காட்டுவதைவிடப் பெரும்பாலும் பல மடங்கு வைக்கப்படுகிறது. சக்கரம் மேட்டில் ஏறும்போது அதைத் தடுத்தால் அடி நேரே சேஸிஸுக்கும் சரக்குக்கும் போகும். அழுந்திய பட்டை விரியும்போதுதான் வண்டியைத் தூக்கி எறியும். பிடிக்க வேண்டியது அந்த இடத்தில். ஆகவே கடையில் ஷாக்கைக் கையால் அமுக்கிப் பார்த்து, இது கடினமாக இருக்கிறது, நல்லது என்று முடிவு செய்வது பயனற்றது. கை தரும் வேகம், சாலை தரும் வேகத்தில் சிறு பங்குகூட இல்லை.

பிக்கப்புக்கே உரிய சிக்கல், காலிக்கும் முழுச் சுமைக்கும் இடையே உள்ள தூரம். தேவையான அடக்கம், பின் ஆக்சில் தாங்கும் எடையையும் பட்டையின் விறைப்பையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் கூடுகிறது. கணக்குக்காகக் காலி வண்டியில் பின்பக்கம் 500 கிலோ, சரக்கேற்றினால் 2,000 கிலோ என்று வைப்போம். எடை நான்கு மடங்கு. அடக்கம் இரண்டு மடங்கு தேவை. சுமை ஏறியதும் ஹெல்ப்பர் பட்டையும் சேர்ந்து விறைப்பு இரட்டித்தால் தேவை கிட்டத்தட்ட 2.8 மடங்காகிறது. ஆனால் ஷாக் ஒன்றே, அதன் வால்வும் ஒன்றே. முழுச் சுமைக்குப் பொருத்தமாக வால்வை இறுக்கினால், காலியாகத் திரும்பும்போது பின்சக்கரம் சாலையை விட்டுத் துள்ளும். காலிக்குப் பொருத்தமாகத் தளர்த்தினால், சுமையோடு வளைவில் திரும்பும்போது வண்டி மிதக்கும். தயாரிப்பாளர் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேர்ந்து வைத்திருக்கிறார். மாற்று ஷாக் வாங்குவது என்றால், அந்த இடம் நம் வண்டியின் உண்மையான வேலைக்குச் சரியா, கொஞ்சம் நகர்த்த வேண்டுமா என்று முடிவு செய்வதுதான்.

பட்டையின் வகையும் இதில் சேரும். பல இலைகள் ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிய பழைய வகைக் கமான் பட்டையில் இலைகள் உரசும்போதே ஆட்டத்தின் ஒரு பகுதி அடங்கிவிடுகிறது. ஏஸ், தோஸ்த் போன்றவற்றின் முன்பக்கம் உள்ள பாரபோலிக் பட்டையில் இலைகள் குறைவு. நடுவிலும் முனையிலும் தவிர ஒன்றையொன்று தொடுவதில்லை. உரசல் குறைவதால் சவாரி மென்மையாகிறது. ஆட்டத்தை அடக்கும் பொறுப்பு முழுவதும் ஷாக்கின் தலையில் விழுகிறது. இவ்வகை வண்டியில் முன் ஷாக் ஓய்ந்தபின் இன்னும் கொஞ்சநாள் ஓட்டலாம் என்று தள்ளிப்போடுவது, ஸ்டியரிங்கைப் பாதி விட்டுக்கொடுப்பதற்குச் சமம்.

வகைகள்

எண்ணெய் ஷாக்குகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் மோரிஸ் ஊடாயின் முயற்சிகளிலிருந்து பரவின. வாயு அழுத்தமேற்றிய ஒற்றைக்குழாய் வகையை 1950களில் கிறிஸ்தியான் பூர்சியே தெ கார்போன் உருவாக்க, ஜெர்மனியின் பில்ஸ்டைன் அதைப் பெருமளவில் தயாரித்தது. இந்தியாவில் கேப்ரியல் இந்தியா நிறுவனம் 1961இல் தொடங்கியது. அதன் ஆலைகளில் ஒன்று ஓசூரில் இருக்கிறது.

நம் பிக்கப்களில் பெரும்பாலானவற்றோடு வருவது இரட்டைக்குழாய் வகை. உள்குழாயில் பிஸ்டன் ஓடும், வெளிக்குழாய் உபரி எண்ணெயை வைத்திருக்கும். விலை குறைவு, வெளிக்குழாயில் சிறு நசுங்கல் விழுந்தாலும் உள்குழாய் தப்பிக்கும். கல் தெறிக்கும் பாதைக்கு இது பெரிய வசதி. குறை என்னவென்றால், தொடர்ந்து வேகமாக ஆடும்போது எண்ணெயில் காற்று கலந்து நுரைத்து, அடக்கும் வலு தற்காலிகமாகக் குறையும். இதைத் தடுக்க மேலே குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் நிரப்பிய இரட்டைக்குழாய் வகை வந்தது. ஒற்றைக்குழாய் வகையில் எண்ணெயையும் வாயுவையும் மிதக்கும் பிஸ்டன் ஒன்று பிரித்துவைக்கும். அழுத்தம் 20 பாருக்கும் மேல். வெப்பத்தை நன்றாக விடும், நுரைக்காது. ஆனால் ஓடும் குழாயே வெளிச்சுவர் என்பதால் ஒரு கல்லடி நசுங்கல் போதும், பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

சரக்கு வண்டிக்கு எனக் கேட்டால், வாயு நிரப்பிய இரட்டைக்குழாய் வகையே இந்த வட்டாரத்துக்கு முதல் தேர்வு. அந்த மாடலுக்கு அது கிடைக்காவிட்டால், கம்பெனி கொடுத்த எண்ணெய் வகையையே மீண்டும் போடுவதில் தவறில்லை. ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு போன்ற வெளிநாட்டுப் பெயர்கள் டி-மேக்ஸ் வண்டியைக் காட்டுப்பயணத்துக்கு எடுப்பவர்களிடம் பிரபலம். அவை நல்ல பொருள்கள். வாழைக்குலை ஏற்றும் வண்டிக்கு அந்தச் செலவு தேவையில்லை.

எந்தச் சரக்குக்கு எந்த ஷாக்

தோவாளைப் பூவோடு விடியுமுன் திருவனந்தபுரம் போகும் வண்டியில் சரக்கு கன அளவில் பெரிது, எடையில் சிறிது. பெட்டி நிறைந்திருந்தாலும் பட்டைக்கு அது காலி வண்டிதான். வேகமோ அதிகம், சந்தை கூடுமுன் சேர வேண்டும். இத்தகைய வண்டிக்குக் கனரகம் என்று விற்கப்படும் இறுக்கமான பின் ஷாக் தீங்கு செய்யும். ஈரச்சாலையில் பிரேக் பிடிக்கும்போது துள்ளும் பின்சக்கரம் வழுக்கி, பின்பக்கம் பக்கவாட்டில் ஓடும். கம்பெனி அளவிலான ஷாக்கே போதும், முடிந்தால் வாயு வகை. முட்டை, ரொட்டி ஏற்றுபவர்களுக்கும் இதுவே.

ரப்பர் ஷீட்டும் வாழைக்குலையும் மரச்சீனியும் ஏற்றி வெள்ளறடை, அம்பூரிப் பக்கமிருந்து இறங்கும் வண்டியின் நிலை வேறு. போகும்போது காலி, வரும்போது முழுச் சுமை, வேகம் குறைவு, ஆட்டத்தின் வீச்சு பெரிது. இங்கே ஷாக்கைச் சோதிப்பது வெப்பம். பிஸ்டன் விட்டமும் எண்ணெய்க் கொள்ளளவும் கூடிய கனரக வகை, அதே அளவிலும் பொருத்துமுறையிலும் கிடைத்தால், பின் ஆக்சிலுக்குப் பொருந்தும். முன்பக்கம் கம்பெனி வகையே இருக்கட்டும். எஞ்சினின் எடை முன் ஆக்சிலில் எப்போதும் இருப்பதால், அங்கே காலிக்கும் சுமைக்கும் உள்ள வேறுபாடு சிறிது. தயாரிப்பாளரின் கணிப்பு முன்பக்கத்தில் கிட்டத்தட்டச் சரியாகவே இருக்கும்.

செங்கல், எம்-சாண்ட், கருங்கல் ஏற்றும் வண்டிகளில் பிரச்சினை ஷாக்கிலிருந்து தொடங்குவதில்லை. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றினால், ஆக்சில் மேலே வரும்போது சேஸிஸின் ரப்பர் பம்ப் ஸ்டாப்பில் ஓயாமல் மோதும். ரப்பர் தேய்ந்து உதிர்ந்தபின் அந்த மோதலை ஷாக் தன் அடித்தட்டில் வாங்கும்; அடிவால்வு உடையும், போல்ட் கோக்கும் முனையிலுள்ள கண் வளையம் பிளக்கும். எத்தனை ஷாக் மாற்றினாலும் இந்த வண்டியில் நிற்காது. முதலில் பம்ப் ஸ்டாப்பை மாற்றி, பிறகு சுமையைக் குறைக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு, மிகைச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் தண்டம் விதிக்கிறது. ஓட்டுநரின் உயிரைக் கணக்கில் சேர்க்காமலேயே இந்த வியாபாரம் நட்டம்.

மீன் வண்டிக்குத் தனிக் கவனம் வேண்டும். ஐஸ் உருகிய உப்புநீர் பெட்டியின் அடியிலிருந்து சொட்டி, பின் ஷாக்கின் தண்டின்மேல் விழுகிறது. குரோம் பூச்சில் ஊசிமுனைப் புள்ளியாகத் துரு பிடிக்கும். தண்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் அந்தப் புள்ளி ஆயில் சீலின் உதட்டைச் சுரண்டும். ஒரு கிலோமீட்டர் ஓட்டத்தில் ஷாக் ஆயிரம் தடவைக்கு மேல் ஆடுகிறது என்பதை நினைத்தால், சீல் எவ்வளவு விரைவில் கிழியும் என்பது விளங்கும். கரையோர வண்டியின் ஷாக் ஓய்ந்துபோவதற்கு முன்பே ஒழுகிப்போவதற்கு இதுவே காரணம். வாங்கும்போது தண்டை மூடும் உலோக அல்லது பிளாஸ்டிக் மேலுறை நீளமாக உள்ள வகையைக் கேட்க வேண்டும். பெட்டி நீரைக் குழாய் வைத்துத் தொட்டியில் பிடிப்பது ஷாக்கையும் காக்கும், பின்னால் இருசக்கர வண்டியில் வருபவரையும் காக்கும். சரக்கிறக்கியதும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது, எந்த விலையுயர்ந்த ஷாக்கும் தராத ஆயுளைத் தரும்.

பட்டை சேர்ப்பதும் அதன் விளைவும்

இந்தப் பகுதியில் வண்டி வாங்கிய கையோடு பின்பக்கம் ஓரிரு இலை கூடுதலாகக் கட்டுவது பரவலான வழக்கம். அதன் விளைவுகளை ஷாக் வாங்கும்போது சேர்த்து எண்ணுபவர்கள் குறைவு. கூடுதல் இலையால் வண்டி உயரும். நின்ற நிலையிலேயே பழைய ஷாக் பாதிக்கு மேல் நீண்டிருக்கும். ஒரு குழியில் சக்கரம் தொங்கினால் ஷாக் தன் முழு நீளத்துக்குப் போய், ஆக்சிலைப் பிடித்து நிறுத்தும் சங்கிலிபோல இழுபடும். அதற்காக அது செய்யப்படவில்லை. தண்டு பிஸ்டனிலிருந்து கழன்றுவிடும், அல்லது கண் வளையத்தின் வெல்டிங் விடும். உயரம் கூட்டிய வண்டிக்கு நீளம் கூடிய ஷாக் வேண்டும். விறைப்பு கூடியதால் நீளும்போதைய எதிர்ப்பும் கூடியிருக்க வேண்டும்.

இதைவிடக் கவனிக்க வேண்டிய ஒன்று பிரேக்கில் இருக்கிறது. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கம்பியோடு இணைந்த வால்வு இருக்கும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். சேஸிஸ் எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்து வண்டியில் எவ்வளவு சுமை என்று அது கணிக்கும். சுமை அதிகமென்றால் பின்சக்கரங்களுக்குக் கூடுதல் பிரேக் அழுத்தம் கொடுக்கும். இலை சேர்த்து வண்டியை உயர்த்தினால், சுமை ஏறியும் வண்டி காலி என்றே அந்த வால்வு நினைக்கும். பின் பிரேக் குறைந்து, நிறுத்தும் பாரம் முன்சக்கரங்களின் மேல் விழும். குழித்துறைப் பக்கத்து இறக்கத்தில் இதன் விலை என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பட்டையில் கை வைத்தால் அந்த வால்வின் கம்பியைக் கம்பெனி அளவுப்படி மறுபடி சரிசெய்தே ஆக வேண்டும்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுச் சான்றிதழில் உள்ள தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று, கேரளத்திலிருந்து வந்த மேல்முறையீடு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. அதே அளவில், அதே பொருத்துமுறையில் ஷாக்கை மாற்றுவது பராமரிப்பு. வண்டியின் உயரத்தையும் சுமைத்திறனையும் மாற்றும் வேலை அப்படிப்பட்டதல்ல. சரக்கு வண்டி எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டும். ஒழுகும் ஷாக்கோடு அங்கே போய் நிற்பது வீண் அலைச்சல்.

ஓய்ந்ததை எப்படி அறிவது

வண்டியின் மூலையை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று பார்ப்பது காருக்குச் சொல்லப்பட்ட சோதனை. கமான் பட்டை கொண்ட காலிப் பிக்கப்பில் அது ஏமாற்றும். இலைகளின் உரசலே ஆட்டத்தை நிறுத்திவிடும், ஷாக் செத்திருந்தாலும் தெரியாது. நம்பத்தக்க அடையாளங்கள் வேறு. டயரின் ஓரத்தில் கைவைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாக இடைவெளி விட்டுத் தேய்ந்திருக்கும். பாலத்தின் இணைப்பைத் தாண்டியபின் வண்டி ஒருமுறைக்கு மேல் எழுந்து அமரும். பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். ஷாக்கின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் தூசியோடு ஒட்டியிருப்பது இயல்பு; எண்ணெய் வழிந்து அடிவரை ஈரமாக இருந்தால் அது மாற்ற வேண்டியது. ‘டக் டக்’ ஒலி பெரும்பாலும் ரப்பர் புஷ்ஷிலிருந்து வரும். புஷ் மட்டும் மாற்றினால் போதுமா என்று முதலில் பார்க்கலாம்.

நல்ல சாலையில் 80,000 கி.மீ. என்பது தயாரிப்பாளர்கள் பரிந்துரைக்கும் மாற்று எல்லைகளில் ஒன்று. இங்குள்ள சாலையையும் சுமையையும் வைத்துப் பார்த்தால், அதில் பாதி ஓடியதிலிருந்தே ஒவ்வொரு சர்வீஸிலும் கண்ணால் பார்ப்பது நல்லது. மாற்றும்போது ஒரே ஆக்சிலின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பின்பக்கம் சில மாடல்களில் ஒரு ஷாக் ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் சாய்ந்திருக்கும். வண்டி இழுக்கும்போது ஆக்சில் முறுக்கித் துள்ளாமலிருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். பிராக்கெட் உடைந்து வெல்டிங் வைப்பவர்கள் சிலர் அதை நேராக்கியோ அதிகம் சாய்த்தோ விடுகிறார்கள். செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த ஷாக் தன் அடக்கத்தில் முக்கால் பங்கையே ஆக்சிலுக்குத் தருகிறது; 45 பாகையில் பாதிதான். பிராக்கெட் பழைய இடத்துக்கே போக வேண்டும்.

அளவெடுப்பும் வாங்குவதும்

மாடல் பெயரைச் சொல்லி வாங்குவது போதாது. ஒரே பெயரில் வீல்பேஸும் முன்பக்க அமைப்பும் வேறான பல வடிவங்கள் வந்திருக்கின்றன. சேஸிஸ் எண்ணையும் பழைய ஷாக்கில் பொறித்த பாக எண்ணையும் கொண்டுபோவது சரியான வழி. எண் அழிந்திருந்தால் அளவெடுக்க வேண்டும். சேஸிஸைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைத் தொங்கவிட்டு, மேல்கண்ணின் நடுவிலிருந்து கீழ்க்கண்ணின் நடுவரை அளக்க வேண்டும். புதிய ஷாக்கின் விரிந்த நீளம் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். அடுத்து, பம்ப் ஸ்டாப் ஆக்சிலைத் தொடும் நிலையில் அதே இரு புள்ளிகளுக்கு இடையே அளக்க வேண்டும். சுருங்கிய நீளம் இதைவிடக் குறைவாக இருக்க வேண்டும். மேல்முனை கண் வளையமா, ரப்பரும் வாஷரும் கோத்த தண்டா என்பதும், புஷ்ஷின் உள்விட்டமும் அகலமும் பார்த்துக்கொள்ள வேண்டியவை. ஜாக்கை மட்டும் நம்பி வண்டிக்கடியில் போகக்கூடாது. ஸ்டாண்டு இல்லாத இடத்தில் இந்த அளவை எடுக்கவே வேண்டாம்.

எல்லையின் எந்தப் பக்கம் வாங்கினால் மலிவு என்ற பழைய கேள்வி 2017 ஜூலை 1இல் ஜி.எஸ்.டி. வந்ததோடு பொருளிழந்தது. அதற்குமுன் இரு மாநில வரிகளும் வேறு. அமரவிளையில் விற்பனைவரிச் சோதனைச்சாவடி நின்றது. இப்போது மார்த்தாண்டத்திலும் நெய்யாற்றின்கரையிலும் வரி ஒன்றே. 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்களின் விகிதம் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. மிச்சமுள்ள வேறுபாடு கடைக்காரரின் தள்ளுபடியிலும், கையிருப்பு எவ்வளவு நாள் அலமாரியில் கிடந்தது என்பதிலும்தான். பில் கேட்டு வாங்க வேண்டும். பில் இல்லாத மலிவு ஷாக் போலியாக இருக்கும் வாய்ப்பு அதிகம். உள்ளே எண்ணெயின் தரத்தை எவரும் திறந்து பார்க்க முடியாது. ஒரு ஜோடி ஷாக்கின் விலை பெரும்பாலும் ஒரு புதிய டயரின் விலைக்குள் அடங்கிவிடும். ஓய்ந்த ஷாக்கோ டயரைத்தான் தின்கிறது.

பழைய ஷாக்கை அறுத்து, சீல் மாற்றி, எண்ணெய் நிரப்பி, வெல்டிங் வைத்துத் தரும் ரீகண்டிஷன் வேலை இன்னும் சில இடங்களில் நடக்கிறது. கைத்திறன் உள்ள தொழிலாளிகள் செய்கிறார்கள். ஆனால் தேய்ந்த வால்வுத் தகடும் கீறல் விழுந்த தண்டும் அப்படியே இருக்க, சீல் மட்டும் புதிதாவதால் பயன் நீடிக்காது. இரண்டு ஷாக்கும் ஒரே அளவு அடக்கம் தருமென்ற உறுதியும் இல்லை. உதிரி கிடைக்காத பழைய வண்டிக்கு வேறு வழியில்லாதபோது இதை ஏற்கலாம். பாகம் தாராளமாகக் கிடைக்கும் பிக்கப்புக்கு வேண்டாம்.

பொருத்தும்போது

இரட்டைக்குழாய் ஷாக் கடையில் படுக்கையாகக் கிடந்திருந்தால், உள்குழாயில் காற்று புகுந்திருக்கும். நிமிர்த்திப் பிடித்து ஐந்தாறு முறை முழுதாக நீட்டிச் சுருக்கினால் அது வெளியேறும். இதைச் செய்யாமல் பொருத்திவிட்டு, புதியதே சத்தம் போடுகிறது என்று திருப்பிக் கொடுக்க வருபவர்கள் உண்டு. நட்டை இறுக்கும்போது சுழலும் தண்டைப் பிளையரால் கவ்வக்கூடாது. அந்தக் கீறல் அன்றே சீலைக் கொல்லும். தண்டின் முனையில் இதற்கென்று தட்டையான இடமோ சாவிக்குழியோ இருக்கும். கண் வளையத்தின் போல்ட்டைச் சக்கரம் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்காமல், வண்டி தரையில் தன் எடையோடு நின்றபின் இறுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் புஷ் எப்போதும் முறுகியே நின்று சீக்கிரம் கிழியும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பார்ப்பது அவசியம். இங்கே பலரும் விட்டுவிடுவது இதைத்தான். கழற்றிய வாயு ஷாக்கைத் தீயிலோ கேஸ் கட்டிங்கிலோ காட்டக்கூடாது. அழுத்தம் உள்ளே அப்படியே இருக்கும், வெடிக்கும். பழைய இரும்பு எடுப்பவரிடம் கொடுக்கும்போதும் இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும்.